ஏழு பாயிண்ட், இருபது ரூபாய்

கம்பெனி செலவில் டூர்.
பதினாலு சீட் வேனில் பதினேழு பேர்.
கல்லாறு தாண்டியதும்
வான்மதி ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டாள்.
பர்லியாறில் எலுமிச்சை வாங்கினோம்.
குன்னூரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம்.
என்னுடையது செகண்ட்ஸ்,
இடது கக்கத்தில் தையல் விட்டிருக்கும்.
குளிர் அந்த வழியைத்
தானாகவே கண்டுபிடித்தது.

எனக்கு செக்கிங்கில் வேலை.
பதினோரு வருஷமாய்
டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
ஓட்டை, கறை, தாண்டிப்போன தையல்
கண்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.
சிவப்பு அம்பு. சுண்டுவிரல் நகமளவு.
பெண் பார்க்க வந்தவனையும்
அப்படித்தான் பார்த்தேன்.
அவன் திரும்பி வரவில்லை.

கேத்தி வியூ பாயிண்ட்.
மேகம் விலகியது, பேல் பிரித்தது போல.
கீழே பச்சையில் எத்தனை ஷேடு!
டையிங் மாஸ்டர் துரைசாமி அண்ணன்
"இது ரிப்பீட் வராது" என்றார்,
அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.
படிப்படியாய் இறங்கும் தோட்டங்கள்.
ஓரத்தில் ஓவர்லாக் அடித்தது போல் தண்டவாளம்.
ஒரு நீல ரயில்
மலைக்குள் ஊசியாய் நுழைந்து
நினைக்காத இடத்தில் வெளியே வந்தது.

டெலஸ்கோப்காரர் பெயர் முத்துலிங்கம்.
இருபது ரூபாய்க்கு ஏழு பாயிண்ட்.
"ஒண்ணு, சர்ச். ரெண்டு, துரை பங்களா.
மூணு, இன்னொரு துரை பங்களா, இப்ப ரிசார்ட்டு."
சின்ன வயசில் கண்டியிலிருந்து
கப்பலேற்றி அனுப்பிய குடும்பமாம்.
"அங்கயும் இதே மாதிரி ஒரு பள்ளத்தாக்குதாம்மா.
துரைங்களுக்கு எங்க போனாலும் ஒரே டேஸ்ட்டு"
என்று சிரித்தபடி குழாயைத் திருப்பினார்.
நாலாவது பாயிண்டுக்குப் போகும் வழியில்
கேரட் காட்டில் ஒரு பெண்
நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தாள்.
"நிறுத்துங்க."
"அது பாயிண்ட் இல்லம்மா."
இன்னொரு இருபது கொடுத்தேன்.
தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள்,
மறுபடி கட்டிக்கொண்டு குனிந்தாள்.
அவ்வளவுதான்.
கை வைத்த இடம் எனக்குத் தெரியும்.
ஷிப்ட் முடியும்போது நானும்
அங்கேதான் வைப்பேன்.

சர்ச்.
கல் சுவர், சைப்ரஸ் மரங்கள்,
வண்ணக் கண்ணாடியில் ஓர் ஆட்டுக்குட்டி.
பின்னால் கல்லறைகள்.
பதினோரு மாதமே இருந்த ஒரு குழந்தை.
பெயரில் பாதியைப் பாசி தின்றிருந்தது.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.
பக்கத்தில் ஆளுயரக் கல்.
ஸ்டீபன் சார் விரல் வைத்துப் படித்துத்
தமிழில் சொன்னார்:
"இந்த மலைப்பாதையை அமைத்தவர்
இங்கே இளைப்பாறுகிறார்."

தனியாகவா?

கழுத்து லேபிள் ஞாபகம் வந்தது.
லேபிளில் ஒரு பெயர்தான் இருக்கும்.
கட்டிங் பாத்திமுத்துவும்
காஜா அடிக்கும் ராக்கம்மாவும்
இரவு ஷிப்டின் ஒடியா பையன்களும்
அதில் வரமாட்டார்கள்.
லேபிளை வைத்துத் தைப்பது மட்டும்
அவர்கள்.

பர்ஸில் அரை ஷீட் ஸ்டிக்கர் கிடந்தது.
எல்லோரும் செல்ஃபிக்குப் போனதும்
சார் விரல் வைத்த அந்த வார்த்தையில்
ஓர் அம்பு ஒட்டினேன்.
மழை பெய்தால் போய்விடும்.
ரிஜெக்ட் என்று அர்த்தமில்லை.
ஆல்ட்டர்.
சரிசெய்து அனுப்பலாம்.
குழந்தையின் கல்லில்
எதுவும் ஒட்டவில்லை.

இறங்கும் வழியில்
கேரட் கழுவும் இடத்தில் டீக்கு நிறுத்தினார்கள்.
மண் போன கேரட்டுக்கு
வான்மதி பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
உச்சியில், கம்பி வேலியோரம்
சாயம் தெறித்த மாதிரி சின்னச் சின்ன ஸ்வெட்டர்கள்.
நடுவில் ஒரு கண்ணாடி
வெயில் பட்டு மினுக்கியது.
யாரோ இருபது ரூபாய் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டென்று இடது கையை
உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன்,
தையல் விட்டது தெரியாமல்.
அப்புறம்
நான் பாயிண்ட் இல்லை என்பது நினைவுக்கு வர,
இரண்டு கையையும் மேலே தூக்கி
நிதானமாகச்
சோம்பல் முறித்தேன்.